அம்மா அப்பாவோடு முதல் கப்பல் பயணம்: ஏறும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

நொய்யல்கரை, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்கு 60 முடிகிறது. திருக்கடையூர் போய் வந்த கையோடு குடும்பமாக எங்காவது போகலாம் என்று பேசி, கடைசியில் தம்பி ஒரு கப்பல் பயணத்தைப் பிடித்திருக்கிறான். கோவையிலிருந்து சிங்கப்பூர் விமானம், அங்கே கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். கப்பலில் நான்கு இரவு. இன்றிலிருந்து சரியாக 9 வாரத்தில் கப்பல் ஏறுகிறோம். முன்பணம் கட்டியாகிவிட்டது, மீதிப் பணம் இன்னும் கட்டவில்லை.

போகிறவர்கள் ஆறு பேர். அப்பா (முழங்கால் வலி, அதிக தூரம் நடக்க மாட்டார்), அம்மா (சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின்), நான், தம்பி, தம்பி மனைவி (கர்ப்பமாக இருக்கிறாள், 15 வாரம் ஆகிறது), அக்கா பையன் (9 வயது). அக்காவும் மாமாவும் லீவு கிடைக்காததால் வரவில்லை.

அம்மாவுக்கு ஒரே பயம் வாந்திதான். திம்பம் மலைப்பாதையில் 27 வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே கடக்கிறவர். "பஸ்ஸே இப்படின்னா கப்பல் எப்படிடா" என்று தினமும் கேட்கிறார். சாப்பாடும் ஒரு கவலை. அம்மாவும் அப்பாவும் சைவம். வீட்டில் அரைத்த பருப்புப்பொடி, கொஞ்சம் ஒப்புட்டு, ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர் கொண்டு போனால் அரிசிம்பருப்பு சாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார். ஏஜென்டைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நீங்க பெட்டியக் கட்டிட்டு வந்தாப் போதும்" என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மஞ்சமண்டி, ஈரோடு

அம்மிணி, முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு தடவை போய் வந்தவன். ஒருமுறை கொச்சியிலிருந்து லட்சத்தீவுப் பக்கம். அடுத்து நீங்கள் போகிற அதே சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் வழி, 74 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு. இரண்டு தடவையும் கடல் எங்களை ஒன்றும் செய்யவில்லை. பட்ட கஷ்டமெல்லாம் கரையில் இருக்கும்போது பார்க்காமல் விட்ட விஷயங்களால் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தம்பி மனைவிக்கு இப்போது 15 வாரம், கப்பல் ஏறுவது 9 வாரம் கழித்து. அப்படியென்றால் ஏறும் அன்றே 24 வாரம். பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் 24 வாரத்தைத் தொட்டவர்களை ஏற்றுவதில்லை. அதுவும் ஏறுகிற நாளை வைத்து மட்டும் கணக்கல்ல, பயணம் முடிவதற்குள் 24 வந்துவிட்டாலும் ஏற்ற மாட்டார்கள். விமானத்தில் 24 வாரத்தில் தாராளமாகப் போகலாம். அதனால் ஏஜென்டுகள் கப்பலுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கப்பலில் டாக்டரும் நர்சும் இருப்பார்கள், முதலுதவிக்கு வேண்டியது இருக்கும். ஆனால் பிரசவம் பார்க்கவோ, குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் காப்பாற்றவோ அங்கே வசதி கிடையாது. பக்கத்துத் துறைமுகம் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கலாம். நம் டாக்டர் "நன்றாக இருக்கிறார், போகலாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் இந்த விஷயத்தில் தளர்த்த மாட்டார்கள். 24-க்குக் கீழே இருந்தாலும் எத்தனை வாரம், பிரசவத் தேதி என்ன என்று டாக்டர் கடிதம் கேட்பார்கள்.

ஆகவே மீதிப் பணத்தைக் கட்டும் முன்பே தம்பியிடம் பேசுங்கள். தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா பாருங்கள். ரத்து செய்வதென்றால் இப்போது செய்வதுதான் நல்லது. புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும், கடைசி சில வாரங்களில் முழுப் பணமும் போய்விடும். பிறகு பிறக்கப்போகும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவும் ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், பல நாள் நடுக்கடலிலேயே போகும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம்.

அடுத்து பெயர். இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. என் மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி போட்டிருந்தார்கள். கப்பல் டிக்கெட் போட்ட ஏஜென்ட், கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை என்று என் பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்துவிட்டார். சிங்கப்பூர் துறைமுகத்தில் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களை வரிசையிலிருந்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். யார் யாரிடமோ பேசி, பெயரைத் திருத்தி உள்ளே விடுவதற்குள் முக்கால் மணி நேரம். என் அம்மா ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் ஆறு பேருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து, கப்பல் டிக்கெட், விமான டிக்கெட், விசா மூன்றிலும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறதா, ஒரு எழுத்து கூடியிருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன போடுவது என்று கப்பல் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போதென்றால் ஒரு மின்னஞ்சலோடு முடிகிற வேலை.

பாஸ்போர்ட்டில் பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும். அப்பாவுடையதைக் கட்டாயம் பாருங்கள், பெரியவர்களின் பாஸ்போர்ட் பீரோவில் வைத்தபடியே காலாவதி ஆகியிருக்கும். சிங்கப்பூர் விசாவில் பல முறை நுழையலாம் என்று இருக்க வேண்டும். ஏனென்றால் விமானத்தில் போய் இறங்குவது ஒருமுறை, கப்பலில் திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது முறை. மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் நமக்கு விசா இல்லாமல் வரவிடத் தொடங்கின, ஆனால் இதெல்லாம் அரசுகள் அவ்வப்போது மாற்றுவது. உங்கள் தேதிக்கு என்ன நிலை என்று கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். சிங்கப்பூருக்கு இணையத்தில் வருகைப் படிவம் ஒன்று போட வேண்டும், இறங்கும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள். அது முழுக்க இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அரசுத் தளம் அல்ல. கப்பலில் திரும்பும்போது மறுபடி ஒருமுறை போட வேண்டும். நடுக்கடலில் இணையம் கிடைக்காமல் தவிக்காமல், கடைசித் துறைமுகத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அக்கா பையன் விஷயம். தாய் தகப்பன் இல்லாமல் வருகிற பிள்ளை, கூட வருவது பாட்டி தாத்தாவும் மாமாவும் சித்தியும்தான் என்றாலும், பெற்றவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கேட்பார்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதி, யார் பொறுப்பில் வருகிறான், அவசரத்தில் வைத்தியத்துக்கு ஒப்புதல் கொடுக்க யாருக்கு உரிமை, எல்லாம் அதில் இருக்கட்டும். நோட்டரி முத்திரை வாங்குங்கள். பையனுடைய பிறப்புச் சான்றிதழ் நகலும், அக்கா மாமா பாஸ்போர்ட் நகலும் கூட வையுங்கள். சில கம்பெனிகளுக்கு அவர்களுடைய படிவமே தனியாக உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது மாத்திரைப் பை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். துறைமுகத்தில் நுழைந்ததும் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும், சில சமயம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்கூட ஆகிவிடும். சிங்கப்பூரில் ஏறிய அன்று அம்மாவின் பிரஷர் மாத்திரை பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. மத்தியானம் ஒரு மணிக்குக் கொடுத்த பெட்டி ராத்திரி எட்டரைக்கு வந்தது. அதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்றல் வந்து, கப்பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நல்லவிதமாகப் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கார்டு அங்கே செல்லாது. பணத்தை நம் கணக்கில் எழுதிவிடுவார்கள், ரசீதை வைத்துப் பிறகு நாம்தான் பயண இன்ஷூரன்சில் கேட்டு வாங்க வேண்டும். அதனால் அம்மாவின் இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் மெஷின், எல்லோருடைய மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி எல்லாம் கையில் வைத்திருக்கும் பையில் இருக்க வேண்டும். மாத்திரைகளை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கொண்டு போங்கள், டப்பாவில் பிரித்துக் கொட்டி வைக்காதீர்கள். தூக்க மாத்திரையோ கோடீன் சேர்ந்த இருமல் மருந்தோ இருந்தால் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம், அதை முதலில் விசாரியுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் பயணம் அடங்குமா, நடுக்கடலிலிருந்து கரைக்குத் தூக்கிப் போகும் செலவு அடங்குமா என்று இரண்டையும் கேளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும், கோரிக்கை வைக்கும்போது அதைக் காட்டியே நிராகரித்துவிடுவார்கள்.

கப்பல் நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால். நாங்கள் போனபோது கப்பல் முழுக்க சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. புக்கெட்டில் படோங் கடற்கரைக்குச் சிறு படகில் கொண்டுபோய் விட்டார்கள், திரும்பிவர கடைசிப் படகு நாலரைக்கு. கரையில் கால் வைத்ததும் என் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, எனக்குத் தெரியாது. போனில் மூன்று மணி என்று பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று பையனுக்குச் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கையில் என் அப்பாவின் பழைய எச்.எம்.டி. வாட்ச். "ஏனுங்க, இதுல நாலு ஆகுதுங்க" என்றார். அம்மாவை ஒரு வண்டியில் ஏற்றி, நாங்கள் பின்னாலேயே ஓடி, படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு இருபத்தைந்து. கப்பல் யாருக்காகவும் நிற்காது. கம்பெனியே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போயிருந்தால் அந்தப் பஸ் தாமதமானாலும் காத்திருப்பார்கள். நாமாக டாக்சி பிடித்துப் போனால் அந்தப் பொறுப்பு நம்முடையது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கோ ஊருக்கோ நம் செலவில்தான் போக வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் கப்பல் நேரம் வைத்த சாதாரண வாட்ச் ஒன்று கட்டிவிடுங்கள். போனில் தானாக நேரம் மாறும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

போனைப் பற்றி இன்னொன்று. கப்பல் கரையை விட்டதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலுக்குள்ளேயே சாட்டிலைட் வழியாக ஒரு நெட்வொர்க் இருக்கும், போன் தானாக அதைப் பிடித்தால் பில் தாறுமாறாக வரும். வைஃபை தனிக் காசு. குடும்பத்துக்கு ஒன்று எடுத்தால் போதும்.

டிக்கெட் விலைக்கு மேல் என்ன செலவு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊழியர்களுக்கான சேவைத் தொகை என்று ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 அமெரிக்க டாலர் தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. ஆறு பேர், நான்கு இரவு, நீங்களே பெருக்கிப் பாருங்கள். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது, அறைச் சாவி அட்டையைத் தேய்த்தால் உங்கள் கிரெடிட் கார்டில் போய்ச் சேரும். பையன் கையில் இருக்கும் அட்டைக்கு வாங்கும் வசதியை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள், வீடியோ கேம் அறையில் நிறையப் போய்விடும். பயணத் தொகையோடு சேர்த்து ஏஜென்ட் முன்கூட்டியே பிடித்த டி.சி.எஸ். வரிக்குச் சான்று வாங்கி வையுங்கள், வருமானவரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கப்பல் ஏறிய அன்று அபாயப் பயிற்சி நடக்கும். போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்குக் குறித்திருக்கும் இடத்துக்கு நேரில் போய் வர வேண்டும். தூக்கம் வருகிறது, கால் வலிக்கிறது என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ஜில்யோ தீவுப் பக்கம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியவர்களுக்கு இந்தப் பயிற்சி அப்போது நடந்திருக்கவேயில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன் அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். ஏழு முறை சின்னதாகவும் ஒருமுறை நீளமாகவும் சங்கு ஊதினால் அபாய அறிவிப்பு. பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் நம்மை விட நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அறைக்குப் போனதும் குழந்தை அளவு மிதவைச் சட்டை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் உடனே கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு பற்றித் தெரிந்தவர் ஒருவர் இங்கே வருவார், அவர் சொல்லட்டும்.

கரண்டிக்காரன், உடுமலை

அண்ணன் என்னைத்தான் சொல்கிறார். நான் பயணிகள் கப்பலில் சமையல்கட்டில் 6 வருடமாக இருக்கிறேன், இப்போது லீவில் ஊரில்.

அக்கா, எலக்ட்ரிக் குக்கர் வேண்டவே வேண்டாம். சூடாக்குகிற எந்தப் பொருளும் அறைக்குள் விட மாட்டார்கள். குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பெட்டி சோதனையிலேயே எடுத்து வைத்துவிட்டு, இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. அம்மா சாமி கும்பிட ஒரு படம் கொண்டு வரட்டும், பூ வைக்கட்டும், நெருப்பு மட்டும் வேண்டாம். கப்பலில் நாங்கள் எல்லோரும் முதலில் பயப்படுவது தீயைப் பார்த்துத்தான். தப்பித்து ஓட வெளியே தெரு கிடையாது.

வீட்டில் செய்த சாப்பாட்டை ஏற்ற விடுவதில்லை. அதனால் ஒப்புட்டை கோவையிலிருந்து சிங்கப்பூர் போகிற வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பருப்புப்பொடி கடையில் வாங்கிய, பிரிக்காத, சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். கசகசா சேர்த்த பொடி எதுவும் வேண்டாம், சிங்கப்பூரில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. கூட வருகிற யாராவது ஆசையாக உப்புக்கண்டம் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், நம் ஊரிலிருந்து இறைச்சி எதுவும் சிங்கப்பூருக்குள் கொண்டு போகக் கூடாது. அப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதற்கும் அங்கே தடை. மின் சிகரெட்டுக்கும் அப்படித்தான், தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

சைவத்தைப் பற்றிக் கவலையே படாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற கப்பல்களில் நம் நாட்டு ஆட்கள் நிறைய வருகிறார்கள். பருப்பு, சாதம், தயிர், சப்பாத்தி எல்லாம் இருக்கும். முன்பதிவிலேயே இரண்டு பேருக்கு இந்திய சைவம் என்று எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் மேஜைக்கு வருகிற ஆளிடம் மறுபடி சொல்லுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் குழம்புச் சாறு, முட்டை இதெல்லாம் சைவக் கணக்கில் சேர்ந்துவிடும் ஆட்கள் உண்டு. மீன் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி வேகவைத்த தண்ணீர் இல்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இதைத் தொந்தரவாக யாரும் நினைக்க மாட்டோம், எங்களுக்கு அதுதான் சுலபம். சாப்பாட்டு நேரத்தில் அம்மா இன்சுலின் போட வேண்டும் என்பதையும் சொன்னால் அவருக்கு முதலில் தட்டு வரும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் சானிட்டைசரை மட்டும் தேய்த்துவிட்டுப் போவது போதாது. கப்பலில் வாந்தி பேதியைப் பரப்புகிற நோரோ வைரஸ் சானிட்டைசருக்கு அவ்வளவாகச் சாகாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் அதற்கு மருந்து. யாருக்காவது வாந்தி பேதி வந்தால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், சாப்பாடு அறைக்கு வரும். பயணம் வீணாகிறதே என்று மறைத்துக்கொண்டு பொது இடத்துக்கு வந்த ஒருவரால் எங்கள் சமையல்கட்டில் பதினொரு பேர் படுத்தோம். மீதி இருந்தவர்கள் இரட்டை வேலை பார்த்தோம்.

கப்பலிலிருந்து ஊர் பார்க்க இறங்கும்போது பழம், சாண்ட்விச் எதையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், பல துறைமுகங்களில் வெளியே விட மாட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்க சீல் பிரிக்காத பிஸ்கட்டும் குளுக்கோஸ் மாத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்ன சேவைத் தொகையை எடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அறை துடைக்கிற பையனுக்கும் எங்களுக்கும் அது சம்பளத்தில் ஒரு பங்கு.

ஆழியாறு, பொள்ளாச்சி

30 வருடம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். வாந்தி பற்றி மட்டும் சொல்கிறேன் கண்ணு.

திம்பத்தில் வாந்தி வருகிறது என்பதற்காகக் கப்பலிலும் வரும் என்று அர்த்தமில்லை. பினாங்கு வரைக்கும் மலாக்கா நீரிணை வழியாகப் போவீர்கள், இரண்டு பக்கமும் நிலம் இருப்பதால் பெரும்பாலும் அலை குறைவு. புக்கெட் பக்கம் அந்தமான் கடல், அங்கே தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில்தான் ஆட்டம் அதிகம். தை, மாசியில் போவதானால் நல்ல காலம்.

அறை கொடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் கேளுங்கள். மேலே போகப் போகவும், முன் முனைக்கும் பின் முனைக்கும் போகப் போகவும் ஆட்டம் கூடும். சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தால் அசைவு அதிகம் தெரியாது இல்லையா, அதே மாதிரி. வயிற்றைக் காலியாக வைக்கக் கூடாது. மயக்கமாக வந்தால் அறைக்குள் முடங்காமல் மேல் தளத்துக்குப் போய், தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயில் இஞ்சித் துண்டு அடக்கிக்கொள்ளட்டும்.

அவோமின், ஸ்டுஜெரான் மாதிரி மாத்திரைகள் நம் மருந்துக்கடையிலேயே இருக்கின்றன. குமட்டல் வந்த பிறகு போட்டால் பாதிதான் கேட்கும், முன்னாலேயே போட வேண்டும். தூக்கமும் வாய் வறட்சியும் வரும். சர்க்கரைக்காரர்கள் வாந்தியும் எடுத்து, சாப்பிடாமல் இன்சுலினும் போட்டால் ஆபத்து. அதனால் அம்மாவின் டாக்டரைப் பார்த்து, எந்த மாத்திரை, சாப்பிட முடியாத நாளில் இன்சுலின் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கண்ணில் அழுத்த நோய் இருந்தாலோ, அப்பாவுக்குச் சிறுநீர் இறங்குவதில் தொந்தரவு இருந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தம்பி மனைவிக்கு நீங்களாக ஒரு மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

நொய்யல்கரை, திருப்பூர்

என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நேற்று ராத்திரி இதையெல்லாம் அப்பாவுக்கும் தம்பிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

24 வாரக் கணக்கு ஏஜென்டுக்குத் தெரியவே தெரியாது. தம்பி கப்பல் கம்பெனிக்கே நேராக எழுதிக் கேட்டான், அண்ணா சொன்னதுதான் விதி என்று பதில் வந்தது. 5 வாரம் முன்னால் ஒரு பயணம் இருக்கிறது. ஏறும்போது 19 வாரம். அவளுடைய டாக்டர் சரி என்றால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம், வித்தியாசத் தொகை மட்டும் கட்டினால் போதும். டாக்டர் வேண்டாம் என்றால் அவளும் தம்பியும் நின்றுவிடுவார்கள், அப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

பெயரும் பார்த்தேன். அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுதாக இருக்கிறது, கப்பல் டிக்கெட்டில் ஒரு எழுத்து இனிஷியல் மட்டும். இன்றைக்கே திருத்தக் கொடுத்திருக்கிறோம்.

அண்ணா, இன்னும் இரண்டே கேள்விகள். அறையில் இருக்கிற சின்ன ஃபிரிட்ஜில் இன்சுலின் வைக்கலாமா? அப்பாவுக்குத் துறைமுகத்திலும் கப்பலிலும் சக்கர நாற்காலி கிடைக்குமா?

மஞ்சமண்டி, ஈரோடு

நல்ல முடிவு அம்மிணி. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அறை ஃபிரிட்ஜ் சோடாவைக் குளிர வைக்கிற அளவுதான், சில கப்பல்களில் மருந்து வைக்கிற குளிர்ச்சி அதற்கு வராது. முன்பதிவின்போதே மருந்துக்கு ஃபிரிட்ஜ் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், தனியாகக் கொண்டுவந்து வைப்பார்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுப்பார்கள். இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் வெளியில் இருக்கலாமா, எத்தனை நாள் என்பதை அட்டையில் பாருங்கள். விமானத்தில் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம், கையில்தான் கொண்டு போக வேண்டும். போட்டு முடித்த ஊசியை அறைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஊசி போடுகிற டப்பா கேட்டால் தருவார்கள். துடைக்க வருகிற பையன் கையில் குத்திவிடக் கூடாது.

சக்கர நாற்காலி துறைமுகத்தில் ஏறவும் இறங்கவும் கிடைக்கும், முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். கப்பலுக்குள் நாலு நாளும் வைத்துக்கொள்ள அவர்களுடையது தரமாட்டார்கள், அது அவசரத்துக்கு. கப்பல் மிக நீளம், அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கே நல்ல நடை. மடிக்கிற நாற்காலி ஒன்று ஈரோட்டிலோ திருப்பூரிலோ வாடகைக்கு எடுத்துப் போங்கள், நாங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். லிப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேளுங்கள். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும், நாற்காலியைத் தள்ளிக்கொண்டே இறங்கலாம். புக்கெட்டில் சிறு படகுக்கு மாறும்படி ஆனால் அப்பா நாலைந்து படி தானாக இறங்க வேண்டியிருக்கும். அலை ஆடினால் நாற்காலிக்காரர்களை அனுப்ப மாட்டார்கள். அன்றைக்கு அவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவர் இருங்கள். கப்பல் காலியாக இருக்கும் அந்த நாளில் என் அம்மா மேல்தளத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்தப் பயணத்திலேயே அவருக்குப் பிடித்த நாள் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்.

கப்பல் ஏறும் நாளுக்கு முந்தின நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள். விமானம் தாமதமாகி அன்றைக்கே போய்ச் சேர்ந்தால் கவுன்டரை மூடியிருப்பார்கள். மரினா பே துறைமுகம் என்றால் மெட்ரோவில் மரினா சவுத் பியர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம், ஆனால் ஆறு பேர், பெட்டி, அப்பாவின் கால், அதனால் பெரிய டாக்சியே பிடித்துக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அப்பாவுக்கு அந்தச் சக்கர நாற்காலி எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது, பெருந்துறையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.